தீப் பாதுகாப்புச் சோதனைக்கு "ஆள் இல்லை" என்பது உண்மையா, சாக்கா?

கேள்வி: எங்கே தீ விபத்து நடந்தாலும் "கட்டடங்களைச் சோதிக்கப் போதுமான ஆள் இல்லை" என்று கைவிரிக்கிறார்கள். உண்மையிலேயே ஆள் பற்றாக்குறையா, லஞ்சத்தை மறைக்கச் சொல்லும் சாக்கா?

பதில்:

லஞ்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் யாரும் யாருக்கும் பணம் கொடுக்காமலேயே, சோதிக்க ஆள் போகாததால் உயிர்கள் போகும் என்பதை நான் வசிக்கும் பகுதியிலேயே பார்த்துவிட்டேன். கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள ஊர்களில் கட்டடங்களுக்கு ஸ்பிரிங்க்ளர் (தீப் பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு) பைப் வரைபடம் போடுவது என் வேலை. அதனால் இந்த விஷயம் எனக்குச் செய்தித்தாள் விஷயம் மட்டும் இல்லை.

2016 டிசம்பர் 2, வெள்ளிக்கிழமை இரவு. சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்து ஓக்லாந்து நகரத்தில் 'கோஸ்ட் ஷிப்' என்று எல்லோரும் அழைத்த ஒரு பழைய கிடங்கு. காகிதத்தில் அது கிடங்கு. உள்ளே கலைஞர்கள் குடியிருந்தார்கள். அன்றைக்கு மாடியில் இசை நிகழ்ச்சி. ஸ்பிரிங்க்ளர் கிடையாது, அபாய மணி கிடையாது. மாடிக்கு இருந்த படிகளில் ஒன்று சரக்கு ஏற்றும் மரப் பேலட்டுகளை அடுக்கிச் செய்தது. தீப் பிடித்ததும் மாடியில் இருந்தவர்களுக்கு வழி தெரியவில்லை. 36 பேர் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். பெரும்பாலும் இருபது, முப்பது வயதுக்காரர்கள்.

தீயணைப்பு நிலையம் அந்தக் கிடங்குக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. வண்டி சில நிமிடங்களில் வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கட்டடம் தீயணைப்புத் துறையின் சோதனைப் பட்டியலிலேயே இல்லை. 30 ஆண்டுகளாக எந்தக் கட்டட இன்ஸ்பெக்டரும் அதற்குள் கால் வைத்ததாகப் பதிவு இல்லை என்று நகர நிர்வாகமே பிறகு சொன்னது. தீ விபத்துக்கு இரண்டு வாரம் முன்பு, நவம்பர் 17 அன்று, ஒரு புகாரின் பேரில் இன்ஸ்பெக்டர் ஒருவர் வாசல் வரை வந்தார். உள்ளே போக முடியவில்லை, திரும்பிவிட்டார்.

இதில் எந்த நகர ஊழியர் மீதும் கிரிமினல் வழக்கு வரவில்லை. அந்த இன்ஸ்பெக்டரை மட்டும் திட்ட எனக்கும் மனம் வரவில்லை. கதவு திறக்காவிட்டால் மறுநாள் போக வேண்டும், அதற்கும் அடுத்த நாள் போக வேண்டும், தேவைப்பட்டால் நீதிமன்ற உத்தரவு வாங்கிக்கொண்டு போக வேண்டும். இதற்கெல்லாம் ஆள் வேண்டும், நேரம் வேண்டும்.

முன்கூட்டியே யாரும் சொல்லவில்லையா என்றால், சொன்னார்கள். ஓக்லாந்து இருக்கும் அலமேடா கவுன்ட்டியில் (நம் மாவட்டம் போன்றது) கிராண்ட் ஜூரி என்ற குடிமக்கள் விசாரணைக் குழு ஒன்று உண்டு. ஓக்லாந்தில் சோதிக்க வேண்டிய வணிகக் கட்டடங்களில் ஆண்டுக்குச் சுமார் 4,000 சோதிக்கப்படாமலே போகின்றன என்று 2014லேயே அது அறிக்கை கொடுத்தது. இரண்டு ஆண்டுகள் சும்மா போயின.

ஏன் இப்படி என்பதற்கு என் வேலையில் கண்ட காரணம் ஒன்று. புதுக் கட்டடத்துக்கு இன்ஸ்பெக்டர் கண்டிப்பாக வருவார். பைப்பில் 200 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு) அழுத்தம் ஏற்றி இரண்டு மணி நேரம் நிற்கிறதா என்று கூடவே நின்று பார்ப்பார். அதற்கு பெர்மிட் கட்டணம் கட்டியாகிவிட்டது. கட்டியவன் தொழில் தடைபடாமல் இருக்க அவரைத் துரத்துவான். பழைய கட்டடத்துக்கு அவரைக் கூப்பிட யாரும் இல்லை. ஆள் குறையும்போதெல்லாம் முதலில் வெட்டு விழுவது பழைய கட்டடங்களின் வருடாந்திரச் சோதனைக்குத்தான். தீப் பிடிக்கும்போது ஆபத்து அதிகமும் அங்கேதான்.

எத்தனை பேர் இருந்தால் போதும்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் இன்ஸ்பெக்டர் ஆண்டுக்கு 220 நாள் வேலை, நாளைக்கு மூன்று கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். 660 முறை போகலாம். ஒரு முறை போனால் வேலை முடிவதே இல்லை. குறை இருந்தால் நோட்டீஸ், மறுசோதனை, அதிலும் சரியாகாவிட்டால் வழக்கு. பாதி நாள் அதற்கே போனால் கையில் நிற்பது 330 கட்டடம். 4,000 கட்டடத்துக்குப் பன்னிரண்டு பேர். ஆளுக்குச் சலுகைகளோடு ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் என்று தாராளமாகவே வைத்தாலும் 24 லட்சம் டாலர். இறந்தவர்களின் குடும்பங்களோடும் படுகாயத்தோடு பிழைத்த ஒருவரோடும் சமரசம் செய்ய 2020ல் நகரம் ஒப்புக்கொண்ட தொகை 3 கோடியே 27 லட்சம் டாலர். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் 13 ஆண்டுக்கு மேல் சம்பளம் கொடுத்திருக்கலாம். இறந்த அந்தப் பிள்ளைகளும் உயிரோடு இருந்திருப்பார்கள்.

கணக்கில் மறுசோதனையைச் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. கோஸ்ட் ஷிப் நடந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, 2017 மார்ச் 27 அதிகாலை, அதே ஓக்லாந்தில் சான் பாப்லோ அவென்யூவில் ஏழைகள் குடியிருந்த ஒரு விடுதி எரிந்து நான்கு பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தைச் சோதித்திருந்தார்கள், மூன்று நாள் முன்புதான்! குறைகளும் எழுதப்பட்டன. அதற்கும் முன்பே, அதை மூட வேண்டும் என்று தீயணைப்பு கேப்டன் ஒருவர் மேலிடத்துக்கு எழுதியிருந்தார். எழுதியதைத் துரத்திக்கொண்டு போக ஆள் இல்லாவிட்டால் சோதனை வெறும் காகிதம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆள் பற்றாத அலுவலகத்துக்குத் தெரிந்த வழி இரண்டே: கண்டுகொள்ளாமல் விடுவது, திடீரென்று சீல் வைப்பது. 2011 இறுதியில் சென்னை ரங்கநாதன் தெருவில் கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். பொங்கல் வியாபார நேரத்தில் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் தற்காலிகமாகத் திறந்தார்கள். இடையில் செய்திருக்க வேண்டியது வேறு. எந்தப் படிக்கட்டை மறித்துச் சரக்கு கிடக்கிறது, எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று கடைகடையாகப் போய், ஒரு மாதம் கெடு கொடுத்து, மறுபடி போய்ப் பார்ப்பது. ஓக்லாந்திலும் 2016க்குப் பிறகு கிடங்குகளில் குடியிருந்தவர்கள் பயந்தது இதற்குத்தான்: சோதனை என்றால் வெளியேற்றம். வாடகை எகிறிக் கிடக்கும் ஊரில் அவர்கள் எங்கே போவார்கள்? குறையைத் திருத்திக் குடியிருப்பவரையும் காப்பாற்ற, சீல் வைப்பதைவிட அதிக ஆள் வேண்டும்.

2018ல் கலிபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. பள்ளிகள், விடுதிகள், அடுக்குமாடிகள் போன்றவற்றில் கட்டாயச் சோதனையை எவ்வளவு தூரம் முடித்தோம் என்று ஒவ்வொரு தீயணைப்புத் துறையும் ஆண்டுதோறும் தன் நகர மன்றத்திடம் அறிக்கை கொடுக்க வேண்டும். ஆளைத் தானாகக் கொண்டுவந்துவிடாது. ஆனால் "ஆள் இல்லை" என்பதை விபத்துக்கு முன்பே, பட்ஜெட் போடும் மன்றத்தின் முன் சொல்லியாக வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் இது வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் ஊரில் அது சாக்கா, உண்மையா என்று தெரிய, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சிக்கும் தீயணைப்புத் துறைக்கும் தனித்தனியாக மனுப் போடுங்கள். சோதனை செய்ய அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, அதில் நிரப்பியது எத்தனை. பட்டியலில் உள்ள கட்டடம் எத்தனை, சென்ற ஆண்டு உள்ளே போய்ப் பார்த்தது எத்தனை. நோட்டீஸ் கொடுத்த பிறகு மறுபடி போய்ப் பார்த்தது எத்தனை என்று கேளுங்கள். காலியிடம் நிறைய இருந்தால் அவர்கள் சொல்வது உண்மை; அந்தப் பதிலை உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கொண்டுபோங்கள். இடமெல்லாம் நிரம்பியிருந்தும் கட்டடத்துக்குள் யாரும் போகவில்லை என்றால், லஞ்சம் பற்றிய உங்கள் சந்தேகத்தை அங்கிருந்து தொடங்கலாம்.