க்ளோ லூசே – கடிதம்

அன்புள்ள ஐயா,

லியனார்டோ டாவின்சியின் கடைசி ஆண்டுகள் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, பிரான்சில் அம்புவாஸ் நகரிலுள்ள க்ளோ லூசே மாளிகையின் படங்களைத் தேடிப் பார்த்தேன். அகழி இல்லை, கொத்தளம் இல்லை. வெறும் செங்கல் வீடு! டாவின்சிக்காகக் கட்டியதா? அங்கிருந்து மன்னரின் அரண்மனைக்குச் சுரங்கப்பாதை உண்டு என்கிறார்களே?

ரமேஷ், திருச்சி

அன்புள்ள ரமேஷ்,

டாவின்சி அங்கே வந்தது 1516இல். அவர் வருவதற்கு 45 ஆண்டு முன்பே வீடு எழுந்துவிட்டது. 1471இல் கட்டியவர் எத்தியென் லெ லூப். சமையற்கட்டு எடுபிடியாகத் தொடங்கி, பதினோராம் லூயி மன்னரின் தயவால் பிரபுவானவர் என்பார்கள். பிரான்சும் இங்கிலாந்தும் மோதிய நூறாண்டுப் போர் 1453இலேயே ஓய்ந்துவிட்டது. அவருக்குத் தேவைப்பட்டது கோட்டையல்ல, வசதியான வீடு. ஆனாலும் பயம் முழுக்க விடவில்லை போலும், ஒரு காவற்கோபுரம் இருக்கிறது.

செங்கல் என்று இளக்காரமாகச் சொல்லிவிட்டீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுவர்தான் செங்கல், சன்னல் சட்டங்களும் மூலைகளும் வெள்ளைக் கல். லுவார் பள்ளத்தாக்கில் கிடைக்கும் தூஃபோ என்ற சுண்ணாம்புக்கல் அது. வெட்டியெடுத்த புதிதில் ரம்பம் போட்டே அறுக்கலாம், காற்றுப் பட்டால் மேற்பரப்பு இறுகிவிடும். செதுக்கவேண்டிய இடங்களுக்கு அதைவிடத் தோதான கல் ஏது?

எனக்குப் பிடித்தது எண்கோணக் கோபுரம். இரண்டு கட்டடங்கள் சேரும் மூலையில் நிற்கிறது, உள்ளே சுருள் படி. அக்காலத்து பிரெஞ்சு நிலப்பிரபுக்களின் வீடுகளில் மாடிப்படியை இப்படித் தனிக் கோபுரமாக வெளியே தள்ளிவிடுவது வழக்கம். அறைகளில் இடம் மிச்சம், தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குக் கோபுரமும் ஆயிற்று.

புறாமாடத்தையும் தேடிப் பாருங்கள், ஆயிரம் புறாக்கள் தங்கும் அளவு. அப்படிப் பெரிய மாடம் வைத்துக்கொள்வது நிலப்பிரபுவின் உரிமை. புறா அவருடையது, மேய்ந்தது குடியானவன் வயலில். 1789 ஆகஸ்டில் நிலப்பிரபுத்துவ உரிமைகளை ஒழித்தபோது புறாமாட உரிமையையும் பெயர் சொல்லியே ஒழித்தார்கள். எவ்வளவு எரிச்சல் சேர்ந்திருந்தால் அது சட்டத்தில் ஏறியிருக்கும்!

1490இல் மன்னர் எட்டாம் சார்லஸ் வீட்டை வாங்கி, அரசிக்காகத் தூஃபோ கல்லில் ஒரு சிறு பிரார்த்தனைக் கூடம் சேர்த்தார். அப்படி அரச சொத்தானதால்தான் பின்னாளில் மன்னர் முதலாம் பிரான்சுவா அதை டாவின்சிக்குக் கொடுக்க முடிந்தது. 1519 மே 2இல் அங்கேயே டாவின்சி இறந்தார்.

சுரங்கமா? அதன் தொடக்கத்தைக் காட்டுகிறார்கள். மன்னர் அதன் வழியே நாள்தோறும் வந்துபோனார் என்பது கைடுகளுக்குப் பிடித்த கதை. நான் நம்பவில்லை. அரண்மனை அரைக் கிலோமீட்டர்தான், தெருவில் நடந்துவர மன்னருக்கு என்ன தடை?