பல்கலைக்கழக இணையத்தளம் மாணவருக்கு வசதியாகவும் சூழலுக்குப் பாரமில்லாமலும் இருக்க முடியுமா?

முடியும். மாணவரைக் கஷ்டப்படுத்துகிற அதே பாரம்தான் மின்சாரத்தையும் தின்கிறது. ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறையும்.

நான் திருகோணமலையில் இணையத்தளம் செய்து கொடுக்கும் வேலை பார்க்கிறேன். போன வருடம் மூதூரிலிருந்து தங்கச்சியின் மகள் போன் எடுத்தாள். "மாமா, விண்ணப்பத்துக்குக் கடைசித் திகதி எப்ப எண்டு பார்த்துச் சொல்லுங்க, எனக்குத் திறக்குதில்ல." நான் திறந்தேன். முகப்பில் பட்டமளிப்பு விழாப் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அறிவித்தலோ மூன்று பக்கம் தாண்டி உள்ளே, ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆக இருந்தது. 12 தாள், 18 எம்பி. திகதி ஒன்பதாம் தாளில், ரப்பர் முத்திரைக்கு அடியில் பாதி மறைந்து கிடந்தது. அவள் இரண்டு தரம் இறக்கப் பார்த்திருக்கிறாள். இரண்டு தரமும் பாதியில் நின்று, டேட்டாவும் முடிந்துவிட்டது.

அந்த அறிவித்தல் முதலில் எழுத்தாகத்தானே இருந்தது? கணினியில் தட்டி, அச்சிட்டு, கையெழுத்து வாங்கி, திரும்பவும் படமாக்கி ஏற்றுகிறார்கள். ஏ4 தாளை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508, கிட்டத்தட்ட 87 லட்சம் புள்ளிகள். சுருக்கினாலும் பெரிய கோப்புத்தான். அதையே எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்தாக, யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் வைத்தால் ஒரு தமிழ்க் குறிக்கு (எழுத்து, புள்ளி, கொம்பு ஒவ்வொன்றும் ஒரு குறி) 3 பைட். ஒரு தாளில் 2,000 குறி என்றாலும் வெறும் 6 கேபி.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய பிடிஎஃப் இன்னொரு தலையிடி. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். "விண்ணப்பம்" என்று தேடினால் அகப்படாது. பார்வையற்ற மாணவருக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்கு அது வெறும் உளறல். என்னைக் கேட்டால், வண்ணம், வடிவம் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைத்தான் திருத்த வேண்டும்.

சூழல் விஷயத்தில் பலரும் தளத்தை வைத்திருக்கும் கணினியான சேவையகத்தின் மின்சாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். எங்கள் மாவட்டத்துச் சம்பூரில் வரவிருந்த நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்படும்வரை இங்கே எவ்வளவு பேச்சு நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு, மின்சாரம் சும்மா வருவதில்லை என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரு போனின் ஆயுளில் வெளியாகும் கார்பனில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது. அதனால் பழைய போனிலும் ஓடுகிற தளம் பெரிய உதவி. பக்கம் திறக்கவில்லை என்பதற்காக ஒரு பிள்ளை புதுப் போன் கேட்கும் நிலை வரக்கூடாது.

சரி, என்ன செய்யலாம்? முகப்பில் ஓடும் படங்களை எடுத்துவிட்டு, கடைசித் திகதிகளை மூன்று மொழியிலும் எழுத்தாகப் போடுங்கள். படம் கட்டாயம் வேண்டுமென்றால் கோப்பைச் சிறிதாக்கும் வெப்பி (WebP) வடிவில், திரைக்குத் தேவையான அளவில் போதும். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு 4.5க்கு 1 என்ற அளவிலாவது இருக்கட்டும், நிலாவெளி வெயிலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு பார்ப்பவருக்கும் தெரிய வேண்டுமே. கையெழுத்திட்ட பிரதி தேவைப்படுவோருக்குக் கீழே ஓர் இணைப்பு, பக்கத்தில் அதன் எம்பி அளவு.

அன்றைக்கு அந்த அறிவித்தலில் தேவையான இரண்டு தாளை நானே தட்டி மருமகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 12 கேபி கூட வரவில்லை. பின்னேரத்துக்குள் அவளுடைய வகுப்பில் எல்லோரிடமும் அது போய்ச் சேர்ந்திருந்தது.