சோறு ஊட்டுவதும் செவிலியர் படிப்புதான்

அம்மா, உங்கள் கடிதம் படித்தேன், உங்கள் கோபம் புரிகிறது. கடன் வாங்கி மகளை பி.எஸ்சி. நர்சிங் படிக்க வைக்கிறீர்கள். மூன்றாம் ஆண்டில் ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரியில் நின்று தொழில் கற்க வேண்டிய பெண்ணை, வியாசர்பாடியில் மாற்றுத்திறன் குழந்தைகள் மையத்துக்கு அனுப்பி 'சோறு ஊட்ட விட்டிருக்கிறார்கள்' என்கிறீர்கள். அந்தச் சோறு ஊட்டும் வேலையைப் பற்றித்தான் நான் முதலில் பேச வேண்டும்.

மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். அடிக்கடி நிமோனியா வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல் பிடித்து, அரைக் கரண்டி கொடுத்து, விழுங்கியாயிற்றா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வாய். ரசம் சாதத்துக்கு இருமுகிற குழந்தை, கெட்டியாகக் குழைத்த பருப்பு சாதத்தை நன்றாகவே விழுங்கலாம். ஒரு கிண்ணம் காலியாக முக்கால் மணி நேரம்கூட ஆகும். நெரிசலான வார்டில் இதை யார் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார்கள்?

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கம் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறது. சாவியும் வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைக் குறியுங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று ஒரு பாட்டிக்கு அவர் மனம் நோகாமல் சொல்லத் தெரிய வேண்டும். அதைப் புத்தகம் தராது.

அப்புறம் ஹோம் விசிட். 'தெரபிக்கு வரவில்லை' என்று பதிவேட்டில் எழுதுவது சுலபம். ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது மாடிக்கு ஏறி, பத்து வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கி இறங்கும் தாயைப் பார்த்த மாணவி அப்படி எழுதிவிட்டுப் போக மாட்டாள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறதா, பள்ளியில் பெயர் சேர்த்தாயிற்றா, வீட்டிலேயே செய்யும் பயிற்சி என்ன என்று கேட்பாள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களை ஏற்றிருப்பது அப்போதுதான் அவளுக்குத் தேர்வுக்கான வரியாக இல்லாமல் பயன்படும்.

வேலை வாய்ப்பா? 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் போகும் பரிசோதனைக் குழுக்களில் செவிலியருக்கு இடம் உண்டு. எம்.எஸ்சி.யில் குழந்தைகள் நலப் பிரிவு எடுக்கலாம். பிரிட்டனில் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான செவிலியம் தனிப் பதிவுப் பிரிவாகவே இருக்கிறது. அரசு செவிலியர் வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வுக்குப் படிப்பதையும் விட வேண்டாம், இரண்டும் ஒன்றாகப் போகும்.

மகளிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். குழந்தையைத் தொடுவதற்கு முன் அதன் அம்மாவிடம் 'நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?' என்று கேட்கட்டும். பிள்ளைகளைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடவே கூடாது. அன்றாடம் பார்த்ததை ஒரு நோட்டில் நான்கு வரி எழுதட்டும், நேர்முகத் தேர்வில் பேச அதுவே போதும்.

இரவு சாப்பிடாமல் அழுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். முதல் வாரம் பலருக்கும் அப்படித்தான். 'நீ நர்ஸ், அழக்கூடாது' என்று அடக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசவிடுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் இல்லையென்றால் காத்திருக்காமல் அவளுடைய வகுப்பு ஆசிரியையிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள்.