படிக்கட்டு எந்தப் பக்கம் இருந்தது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில், பஃபலோவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் நியூயார்க்கில் டிவி கேம் ஷோக்களுக்கு செட் போட்டவர். போன மாதம் இரண்டு இளைஞர்கள் அவரைத் தேடி வந்து, ரெக்கார்டரை மேஜைமேல் வைத்து, மதியம் முழுக்கக் கேள்வி கேட்டார்கள். படிக்கட்டு எந்தப் பக்கம் இருந்தது, பஸ்ஸர் ஒலியை யார் கொடுத்தார்கள் என்று. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாப் பார்க்கர் தொடங்கிய, பொருள்களின் விலையை ஊகிக்கும் ‘தி பிரைஸ் இஸ் ரைட்’ மாதிரி எல்லாமே சோப்புத்தூள் விற்கும் நிகழ்ச்சிகள். ஐம்பதுகளில் மோசடி வேறு நடந்தது. இவற்றில் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் வரலாறு எழுதுவது நேர விரயம் இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சோப்புத்தூளை விட்டுவிடுவோம். எதையும் விற்காமல் அந்த நாட்டில் தொலைக்காட்சி நடந்ததில்லை.

பார்க்கர் அந்த நிகழ்ச்சியைத் தொடங்கவில்லை. அதை உருவாக்கியவர் பாப் ஸ்டூவர்ட். 1956இல் முதலில் நடத்தியவர் பில் கல்லன். பார்க்கர் வந்தது 1972இல். உங்கள் தெருவுக்கே வந்த அந்த இரண்டு பேரிடம் ஒரு நிமிஷம் பேசியிருந்தால் இது தெரிந்திருக்கும். நீங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் கல்லனைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். சிறு வயதில் போலியோ தாக்கியதால் அவரால் நன்றாக நடக்க முடியாது. ஆனால் இருபதுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை நடத்தினார். வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களில் பெரும்பாலானோருக்கு அவர் கால் விஷயம் தெரியவே தெரியாது. திரை திறக்கும்போதே அவர் இருக்கையில் இருப்பார், அல்லது மேடைப் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். அவர் நடக்க வேண்டிய தூரத்தைக் குறைத்தே செட் அமைப்பார்கள், கேமராவும் அதற்கேற்ப நகரும். இதையெல்லாம் செய்தவர்கள் யார்? உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஆட்கள். அவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் அது யார் கண்ணிலும் படவில்லை. படிக்கட்டு எந்தப் பக்கம் இருந்தது என்ற கேள்வி உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. கல்லனுக்கு அது அன்றாடப் பிரச்சினை.

சரி, பழைய ஒளிப்பதிவைப் போட்டுப் பார்த்தால் போதாதா என்பீர்கள். ஒளிப்பதிவு எங்கே இருக்கிறது? ‘ஜெப்பர்டி’ என்ற வினாடி வினாவின் முதல் வடிவம் 1964 முதல் 1975 வரை என்பிசி தொலைக்காட்சியில் 2,753 நாள் ஓடியது. ஆர்ட் ஃப்ளெமிங் நடத்தினார், டான் பார்டோ அறிவிப்பாளர். அதில் எஞ்சியிருப்பது விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில பகுதிகள்தான். டேப் விலை அதிகம், பகல்நேர நிகழ்ச்சியை யார் திரும்பப் பார்க்கப்போகிறார்கள் என்று அழித்து அதன்மேலேயே வேறொன்றைப் பதிவு செய்தார்கள். பதினோரு வருட உழைப்பு அப்படிப் போனது. மிச்சமிருப்பது அங்கே வேலை பார்த்தவர்களின் ஞாபகம். அவர்களுக்கெல்லாம் இப்போது எண்பது, தொண்ணூறு வயது.

எனக்குக் கோபம் வருவதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. சென்னையில் ஒரு சேனலில் வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கே ஒரு அண்ணன் இருந்தார். ஸ்டாப்வாட்சும் மணியும் அவர் பொறுப்பு. பள்ளிப் பிள்ளைகள் பயந்து திணறினால் உதட்டை அசைத்துச் சிரிக்க வைப்பார், ஆனால் மணியை ஒரு விநாடிகூடத் தாமதிக்க மாட்டார். அவர் இறந்தபின் எந்தெந்த ஆண்டு எந்தெந்த நிகழ்ச்சியில் இருந்தார் என்று கேட்டுப் போனேன். பதிவேடு இல்லை, டேப் இல்லை, அப்படி ஒருவரைத் தெரியவும் தெரியாது என்றார்கள். அவரோடு டீ குடித்தவர்கள் பலரும் “தங்கமான மனுஷன்” என்றார்கள். ஆண்டு ஒருவருக்கும் தெரியவில்லை.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பிரியமாக இருந்தேன் என்பவர் ஆண்டைச் சொல்ல வேண்டும். “மறக்க முடியாதவர்” என்று எழுதிவிட்டு எதை மறக்கவில்லை என்று சொல்லாதவரை நான் நம்புவதில்லை. ‘பிரைஸ் இஸ் ரைட்’ அறிவிப்பாளர் ஜானி ஆல்சன் என்றால், போட்டியாளர்களை மேடைக்கு அழைக்கும் “கம் ஆன் டவுன்” என்ற குரல் மட்டும் போதும் பலருக்கு. பதிவு தொடங்கும் முன் அரங்கத்தில் இறங்கி, வந்திருக்கும் பெண்களோடு ஆடிப்பாடி கூட்டத்தைச் சூடேற்றியதும் அவரேதான். வீட்டில் பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. அவரைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதிய ராண்டி வெஸ்ட், சிறுவனாக ஸ்டுடியோவுக்குப் போய் அவரிடம் ஒட்டிக்கொண்ட ரசிகர். பிறகு தானும் அறிவிப்பாளரானார். ராஜர் டாப்கோவிட்ஸ் கேம் ஷோக்களைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதிவிட்டு 1972இல் ‘பிரைஸ் இஸ் ரைட்’டில் சேர்ந்தார், தயாரிப்பாளராகி 2008 வரை இருந்தார். நீங்கள் நேர விரயம் என்பதை ஒரு மனிதர் வாழ்நாள் வேலையாகச் செய்திருக்கிறார்.

உங்கள் ஊரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் ராச்செஸ்டர். அங்கே ஸ்ட்ராங் அருங்காட்சியகத்தில் கேம் ஷோ வரலாற்றுக்கென்றே ஒரு காப்பகம் இருக்கிறது. தொடங்கியவர்களில் ஒருவர் ஹோவர்ட் புளூமென்தால். அவர் அப்பா நார்மன் ‘கான்சன்ட்ரேஷன்’ நிகழ்ச்சியின் தயாரிப்பாளர், அதன் படப்புதிர்களை உருவாக்கியவரும் அவரே. பெரியவரையும் ஒரு நாள் கூட்டிப் போங்கள். போகும் வழியில் நீங்களும் நாலு கேள்வி கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். வருடம் தெரியாவிட்டால் அப்போது அவருக்கு எத்தனை பிள்ளைகள், எந்த வீட்டில் இருந்தார் என்று கேளுங்கள், தானாக வரும்.

அப்புறம் மோசடி. 1950களில் ‘ட்வென்டி ஒன்’ போன்ற வினாடி வினா நிகழ்ச்சிகளில் போட்டியாளர்களுக்கு விடையை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தது உண்மை. 1959இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. போட்டியாளர்களில் ஜேம்ஸ் ஸ்நாட்கிராஸ் என்ற ஓவியர் ஒரு காரியம் செய்திருந்தார். தனக்குச் சொல்லித்தந்த கேள்வி பதில்களை, நிகழ்ச்சிக்கு முன்பே எழுதி, தன் முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தார். 1957இல் அனுப்பிய கடிதம் விசாரணைக் குழுவின் முன்தான் பிரிக்கப்பட்டது. இதையும் கேம் ஷோ வரலாறு எழுதும் ரசிகர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், ஒளிக்கவில்லை. அந்தப் பக்கத்தையும் படித்துவிட்டு எழுதுங்கள்.