ரேங்கைப் பார்த்து மாந்தோப்பை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: மகன் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்திருக்கிறான். மேல்படிப்புக்கு இங்கிலாந்து அனுப்பச் சொல்லும் ஏஜென்ட், "உலக ரேங்க்ல 347-வது இடம் சார், கண்ணை மூடிக்கிட்டு சேர்க்கலாம்" என்கிறார். மாந்தோப்பை அடமானம் வைத்துத்தான் பணம் புரட்ட வேண்டும். இந்த ரேங்கை எப்படிப் போடுகிறார்கள், நம்பலாமா?
- ஒரு தகப்பன், போச்சம்பள்ளி

பதில்: கண்ணை மட்டும் மூடிவிடாதீர்கள் ஐயா. அது யார் போட்ட ரேங்க் என்று முதலில் கேளுங்கள். ஷாங்காய், டைம்ஸ், கியூ.எஸ். என்று பெரிய பட்டியலே மூன்று இருக்கிறது, மூன்றிலும் ஒரே காலேஜுக்கு வேறு வேறு இடம் வரும், எது தோதோ அதைத்தான் நோட்டீஸில் அடிப்பார்கள். டைம்ஸ் என்று சொன்னால் அங்கேயே பிடித்துக்கொள்ளலாம். அதில் 200-க்கு அப்புறம் தனி நம்பரே கிடையாது, 301-350 என்று மொத்தமாகத்தான் போடுவார்கள்.

கியூ.எஸ்.ஸில் நூற்றுக்கு 30 மார்க், உலகம் முழுக்க இருக்கும் பேராசிரியர்களிடம் "உங்கள் துறையில் எது நல்ல பல்கலைக்கழகம்" என்று கேட்டு வாங்குவது. கம்பெனிக்காரர்களிடம் கேட்பதற்கு இன்னொரு 15. ஆக, கிட்டத்தட்ட பாதி மார்க் வெறும் பேருக்குத்தான், ஏற்கெனவே பேர் எடுத்த இடத்துக்கே மறுபடியும் போய்ச் சேரும். ஆய்வுக் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதற்கு 20. ஷாங்காயில் நோபல், கணிதத்துக்குத் தரும் ஃபீல்ட்ஸ் விருதுகளுக்கே 30 மார்க் போய்விடும். உங்கள் பையனுக்கு யார் பாடம் எடுப்பார்கள், லேபில் மெஷினைத் தொட விடுவார்களா என்பதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது.

இதில் பல விவரங்களைக் காலேஜே எழுதித் தருகிறது என்பது இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம், 20 பேருக்குக் குறைவான வகுப்புகள் 82.5 சதவீதம் என்று கொடுத்திருந்தது. அங்கேயே கணக்குப் பேராசிரியராக இருக்கும் மைக்கேல் தாடியஸ் 2022-இல் இதைக் கிளறிவிட்டார், அப்புறம் திருத்திச் சொன்னது 57.2. அந்நாட்டுப் பட்டியல் ஒன்றில் 2-ஆவது இடத்தில் இருந்தது, அந்த வருஷமே 18-க்கு இறங்கியது.

அதற்காக ரேங்கே சும்மா என்று தள்ளிவிடவும் முடியாது. பட்டியலினத்தவர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பப் பிள்ளைகளுக்கெல்லாம் மத்திய அரசு தரும் வெளிநாட்டு உதவித்தொகைக்கு, கியூ.எஸ். முதல் 500-க்குள் இருக்கும் இடமா என்றுதான் பார்க்கிறார்கள்.

உங்கள் விஷயத்தில் நம்பரை விடுங்கள். அதே கோர்ஸை போன வருஷம் முடித்த நம்ம பக்கத்துப் பையன்கள், ஓசூரோ தர்மபுரியோ, இரண்டு பேர் போன் நம்பரை வாங்கி, ஏஜென்ட் பக்கத்தில் இல்லாதபோது நீங்களே பேசுங்கள். என்ன வேலை, என்ன சம்பளம், கடன் எவ்வளவு அடைந்தது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஆள் சேர்த்துவிட்டால் அந்தக் காலேஜ் அவருக்கு எவ்வளவு கமிஷன் தருகிறது என்பதை ஏஜென்டிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.