பாறை பிளக்கும்போது வானொலி அலை எழுமா?

பாறை உடையும்போது வானொலி அலை வெளிப்படுமா, அதைக்கொண்டு நிலநடுக்கத்தை முன்னறியலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அலை வெளிப்படுவது உண்மைதான். ஆய்வகத்தில் கருங்கல் துண்டொன்றை அழுத்து எந்திரத்தில் வைத்து நெருக்கினால், அது பிளக்கும் கணத்தில் அருகிலுள்ள ஆன்டெனாவில் மிகக் குறுகிய துடிப்புகள் பதிவாகின்றன. கல்லிலுள்ள குவார்ட்ஸ் படிகங்கள் அழுத்தத்தால் மின்னூட்டம் பெறுவதும், விரிசலின் இரு முகங்களில் எதிரெதிர் மின்னூட்டங்கள் பிரிந்து நிற்பதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. (இருட்டில் இரண்டு வெங்கச்சங்கற்களை உரசும்போது தெரியும் மங்கிய ஒளியும் இதற்கு உறவுதான்.)

ஆனால் பல கிலோமீட்டர் ஆழத்தில் பிறக்கும் உயர் அதிர்வெண் அலைகளை ஈரமான நிலம் விழுங்கிவிடும்; மிகத் தாழ்ந்தவையே மேலே வரக்கூடும். 1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவில் நேர்ந்த லோமா பிரியெட்டா நிலநடுக்கத்துக்கு முன், மையத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் தொலைவில் இருந்த கருவி அத்தகைய மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட காந்தப்புல மாற்றங்களைப் பதிவுசெய்தது. 2009-இல் வெளியான ஒரு மறுஆய்வோ கருவிக் கோளாற்றைக் காரணமாகச் சுட்டியது. ஆகவே முன்னறிவிப்பு என்ற பேச்சை நான் நம்பத் தயங்குகிறேன்.