பணத்த எந்த பார்ட்ல போடறது? டிஜிட்டல் ஆர்ட் கம்ப்யூட்டர் கேள்வி-பதில்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே விஷயம் தான், படம் வரையறதுக்கு நாமளே பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் பண்ணா எதுல செலவு பண்ணணும், எதுல கைய இறுக்கணும்னு. அதனால மத்ததெல்லாம் ஓரமா வச்சிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணா, நான் கிளிப் ஸ்டூடியோவும் போட்டோஷாப்பும் வச்சு இல்லஸ்ட்ரேஷன் பண்றேன், சில நேரம் பிரிண்டுக்கு ஏ3 சைஸ்ல கேக்கறாங்க. லேப்டாப் திணறுது. கேம் ஆடற ஃப்ரெண்டு ஒருத்தன் லிஸ்ட் போட்டுக் கொடுத்தான், பட்ஜெட்ல பாதி கிராபிக்ஸ் கார்டுக்கே போயிடுது, ரேம் 16 ஜிபி, எஸ்எஸ்டி 500 ஜிபி, மானிட்டர் வீட்ல கிடக்கற பழசே போதும்ங்கறான். அப்படியே வாங்கிடலாமா?

பதில்: வாங்காதீங்கம்மா. உங்க ஃப்ரெண்டு மேல தப்பு சொல்ல மாட்டேன், அவன் ஆடற கேமுக்கு அது நல்ல லிஸ்ட்டு தான். ஆனா கேம்ல படத்த வரையறது கிராபிக்ஸ் கார்டு, இங்க வரையறது நீங்க. பிரஷ் இழுக்கற கணக்கு பெரும்பாலும் ப்ராசஸர்ல ஓடுது, லேயர் எல்லாம் ரேம்ல உக்காந்திருக்கு, கிராபிக்ஸ் கார்டு கேன்வாஸ ஜூம் பண்ணி திருப்பறதுக்கும் சில ஃபில்டருக்கும் கை கொடுக்கும், அவ்ளோ தான் அதோட பங்கு.

ரேம் எவ்ளோ வேணும்ங்கறத யார்கிட்டயும் கேக்கவே வேணாம், நீங்களே பேப்பர்ல போட்டுப் பாக்கலாம். ஏ4 சைஸ் 300 டிபிஐன்னா (இன்ச்சுக்கு 300 புள்ளி) 2480க்கு 3508, கிட்டத்தட்ட 87 லட்சம் பிக்சல். ஒரு பிக்சலுக்கு சிவப்பு பச்சை நீலம், அப்புறம் ட்ரான்ஸ்பரன்சி, ஆக 4 பைட். அப்போ முழுசா பெயிண்ட் அடிச்ச ஒரு லேயருக்கு 35 எம்பி, நூறு லேயர் போட்டாலும் மூன்றரை ஜிபி தான், 16 ஜிபி மெஷின் சமாளிச்சிடும். இப்போ உங்க ஏ3க்கு வாங்க, 600 டிபிஐல கேட்டாங்கன்னா 7016க்கு 9921, அதாவது ஏழு கோடி பிக்சல், ஒரு லேயரே 278 எம்பி. ஐம்பது லேயர்ல 14 ஜிபி போயிடுச்சு, இதுக்கு மேல அன்டூ ஹிஸ்டரி, விண்டோஸ், ரெஃபரன்ஸ் படத்துக்காக பிரவுசர்ல தொறந்து வச்சிருக்கற முப்பது டேப் (இல்லன்னு சொல்லாதீங்க, எல்லாருமே வச்சிருப்போம்), 16 ஜிபி எங்க இருந்து பத்தும். 16 பிட்ல வேலை பண்ணா இந்த கணக்கு அப்படியே டபுள். லேயர்ல காலியா இருக்கற இடத்துக்கு சாஃப்ட்வேர் அவ்ளோவா மெமரி எடுக்காது, அதனால நிஜத்துல கொஞ்சம் கம்மியா தான் வரும், ஆனா வாங்கும்போது மோசமான நாள நெனச்சு தான் வாங்கணும்.

அதனால 32 ஜிபிக்கு கீழ போகாதீங்க. ஒரே 32ஆ வாங்காம ரெண்டு 16ஆ வாங்குங்க, அப்போ தான் டூயல் சேனல்ல, அதாவது ரெண்டு பாதைல ஒரே நேரத்துல டேட்டா போற மாதிரி ஓடும். நாலு ஸ்லாட் இருக்கேன்னு நாலு குச்சி சொருகறதும் வேணாம், டிடிஆர்5ங்கற வகை ரேம்ல நாலு போட்டா ஸ்பீடு விழுந்துடும், ஏஎம்டியோட ரைசன் 7000 சீரிஸ் ப்ராசஸருக்கு கம்பெனி கொடுத்திருக்கற கணக்கே ரெண்டு குச்சிக்கு 5200, நாலு குச்சிக்கு 3600 தான். பின்னாடி 64 வேணும்னு தோணிச்சுன்னா ரெண்டு 32 வாங்கிட்டு பழச வித்துடுங்க.

ப்ராசஸர்ல கோர் எண்ணிக்கைய பாத்து மயங்காதீங்க. பிரஷ் வேலைக்கு ஒரு கோர் எவ்ளோ வேகமா ஓடுதுங்கறது தான் முக்கியம், புது தலைமுறைல 6 கோர் 8 கோர் சிப்பு போதும், பழைய தலைமுறை 16 கோர் சிப்ப விட அது உங்க கைக்கு சுறுசுறுப்பா தெரியும். எஸ்எஸ்டி என்விஎம்இல (வேகமான வகை) 1 டிபி போடுங்க, போட்டோஷாப் ரேம் பத்தாதப்போ ஸ்க்ராட்ச் டிஸ்க்னு சொல்லிட்டு டிரைவ்ல எழுத ஆரம்பிக்கும், 500 ஜிபில விண்டோஸும் சாஃப்ட்வேரும் உங்க பிஎஸ்டி ஃபைலும் போக அதுக்கு எடம் எங்க இருக்கும்? முடிச்ச வேலைய தூக்கி வைக்க ஒரு சாதா ஹார்டு டிஸ்க் போதும். அதுல இருக்கறது இன்னொரு எடத்துலயும் இருக்கட்டும், ஒரே காப்பிய பேக்கப்னு சொல்லக்கூடாது.

கிராபிக்ஸ் கார்டுல மிச்சம் புடிச்ச காசு மொத்தமும் மானிட்டருக்கு போகணும். அதப்பத்தி கீழ ஒருத்தர் கேட்டிருக்காரு, அங்க சொல்றேன்.

ப்ளெண்டர்ல 3டி ரெண்டர் பண்றவங்களுக்கு மேல சொன்ன கிராபிக்ஸ் கார்டு கதை செல்லாது. அங்க சைக்கிள்ஸ்ங்கற அதோட ரெண்டர் எஞ்சின் கார்டுல தான் பறக்கும், என்விடியா கார்டுல அத இன்னும் வேகமாக்கற ஆப்டிக்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதனால 3டி ஆளுங்க பாதிப்பேரு அந்தப் பக்கம் சாயறாங்க, சீன் முழுசும் கார்டோட மெமரில (விரேம்) அடங்கினா தான் அந்த வேகம் கிடைக்கும்ங்கறதால அதோட அளவையும் பாக்கணும். கிளிப் ஸ்டூடியோல போஸுக்காக ஒரு 3டி பொம்மைய நிக்க வைக்கறதெல்லாம் இந்த கணக்குல வராது, பயப்படாதீங்க.

இன்னொண்ணு, ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இருக்கற லேப்டாப்லயே ஒரு சோதனை பண்ணிடுங்க. உங்களோட ரொம்ப கனமான ஃபைல போட்டோஷாப்ல தொறந்து, கீழ ஸ்டேட்டஸ் பார்ல எஃபிசியன்சி காட்டற மாதிரி மாத்தி வச்சிட்டு வேலை பாருங்க. 100 சதவீதத்துலேயே நின்னுச்சுன்னா ரேம் பத்துது, கீழ இறங்கிட்டே இருந்தா டிரைவுக்கு ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம். டாஸ்க் மேனேஜர்லயும் மெமரி எவ்ளோ நெறையுதுன்னு பாத்து குறிச்சுக்கோங்க. உங்களுக்கு எவ்ளோ வேணும்னு அந்த நம்பரே சொல்லிடும்.

கேள்வி: சார், இப்போதைக்கு கிராபிக்ஸ் கார்டே இல்லாம ஓட்டலாம்னு இருக்கேன். ஒரு மானிட்டர், ஒரு பென் டிஸ்ப்ளே (பேனால மேலேயே வரையற ஸ்கிரீன்), ரெண்டும் ஓடுமா?

பதில்: 2டி வேலைக்கு தாராளமா ஓடும், ஆனா மூணு எடத்துல ஆளுங்க மாட்டிக்கறாங்க. முதல்ல ப்ராசஸர் பேரு. இன்டெல்ல கடைசில எஃப்னு எழுத்து வந்தா உள்ள கிராபிக்ஸே கிடையாது, டிஸ்ப்ளே வராது. ஏஎம்டில பழைய ரைசன் 5000 சீரிஸ்னா ஜின்னு எழுத்து இருந்தா தான் கிராபிக்ஸ் உண்டு, 7000 சீரிஸ்ல இருந்து பெரும்பாலானதுல சின்னதா ஒண்ணு வச்சே கொடுக்கறாங்க, அங்கயும் எஃப் போட்டத மட்டும் தவிர்த்துடுங்க.

ரெண்டாவது, மதர்போர்டு பின்பக்கம் எத்தன டிஸ்ப்ளே போர்ட் இருக்குன்னு படத்த பாத்து எண்ணுங்க. சில போர்டுல ஒரே ஒரு எச்டிஎம்ஐ தான் இருக்கும், பென் டிஸ்ப்ளேவ எங்க சொருகுவீங்க. மூணாவது தான் ரொம்பப்பேர ஏமாத்தறது, பென் டிஸ்ப்ளே விளம்பரத்துல ஒரே டைப்-சி கேபிள் போதும்னு காட்டுவாங்க, அது அந்த டைப்-சி ஓட்டைல படமும் வர்ற மாதிரி இருந்தா தான், அசெம்பிள் பண்ற டெஸ்க்டாப் போர்டுல நிறைய டைப்-சி வெறும் டேட்டாவுக்கு மட்டும் தான். எச்டிஎம்ஐ, யுஎஸ்பி, பவர்னு மூணா பிரியற கேபிள் பாக்ஸ்லயே வருதான்னு பாத்து வாங்குங்க.

உள்ள இருக்கற கிராபிக்ஸ் உங்க ரேம்ல இருந்து தான் பங்கு எடுத்துக்கும், அதையும் மனசுல வச்சுக்கோங்க. நாளைக்கு கார்டு போட்டீங்கன்னா ரெண்டு கேபிளையும் கார்டுக்கு மாத்திடுங்க, மதர்போர்டுலயே விட்டுட்டு புது கார்டு வேஸ்ட்னு திட்டறவங்கள நான் நிறைய பாத்துட்டேன்.

கேள்வி: ஸ்கிரீன்ல பளிச்சுன்னு இருக்கற படம் பிரிண்ட்ல இருட்டா வருது. புது பில்டுக்கு எந்த மாதிரி மானிட்டர் எடுக்கறது? ஸ்பெக்ல 72 சதவீதம் என்டிஎஸ்சின்னு போட்டிருக்கு, வேற எடத்துல 99 சதவீதம் எஸ்ஆர்ஜிபின்னு இருக்கு, ஒண்ணும் புரியல.

பதில்: இருட்டா வர்றதுக்கு பாதி நேரம் காரணம் உங்க மானிட்டரோட பிரைட்னஸ். கடைல கண்ண பறிக்கணும்னே ஃபுல்லா ஏத்தி வச்சிருப்பாங்க, நாமளும் அப்படியே வச்சு வரைவோம், வெளிச்சம் அதிகமா இருக்கறதால படத்த நம்மள அறியாம இருட்டாவே போட்டிருப்போம். பிரிண்டுக்கு வேலை பாக்கறவங்க வழக்கமா 80ல இருந்து 120 நிட்ஸ் (வெளிச்சத்தோட அளவு) வரைக்கும் தான் வைப்பாங்க. புதுசு வாங்கறதுக்கு முன்னாடி இத இறக்கிப் பாருங்க, காசே செலவில்ல.

இப்போ அந்த சதவீதம், மானிட்டர் எவ்ளோ கலர காட்டும்ங்கற அளவு அது. 72 சதவீதம் என்டிஎஸ்சிங்கறது ஏறக்குறைய எஸ்ஆர்ஜிபி அளவு தான், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விஷயத்த வேற பேர்ல சொல்றது. 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு போட்டிருந்தா மட்டும் தொடாதீங்க, சிவப்பெல்லாம் வெளிறிப் போயிருக்கும். பேனல் ஐபிஎஸ்ஸா எடுங்க, டிஎன்ங்கற இன்னொரு வகை பேனல்ல தலைய கொஞ்சம் சாய்ச்சாலே கலர் மாறும். பெரிய கேமட்டுன்னு (நிறைய கலர் காட்டும்னு) டிசிஐ பி3, அடோபி ஆர்ஜிபி எல்லாம் போட்டத பாத்து ஆசப்படாதீங்க, கலர் மேனேஜ் பண்ணாத ஆப்ல எல்லாமே தூக்கலா தெரியும், நீங்க கலர கொறச்சுப் போடுவீங்க, மத்தவங்க போன்ல அது செத்துப்போன மாதிரி இருக்கும். எஸ்ஆர்ஜிபி மோடுன்னு மெனுல ஒண்ணு இருந்தா பரவால்ல.

சைஸ்ல 24 இன்ச் ஃபுல் எச்டின்னா இன்ச்சுக்கு 92 பிக்சல், 27 இன்ச்ல 1440பின்னா 109, அதே 27ல 4கேன்னா 163. எனக்கு நடுவுல இருக்கறது தான் வசதி, 4கேல சில பழைய சாஃப்ட்வேர் ஐகான் எல்லாம் எறும்பு சைஸுக்கு போயிடுது. காசு மிஞ்சினா மானிட்டர் கலர சரி பண்ற கேலிப்ரேட்டர் ஒண்ணு வாங்குங்க, இல்ல வரையற ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரு சேந்து ஒண்ணு வாங்கிக்கோங்க, தினமும் தேவப்படற சாமான் இல்ல.

கேள்வி: எல்லாம் நல்ல பார்ட்ஸா போட்டேன், 32 ஜிபி ரேம், ஆனாலும் பெரிய பிரஷ்ஷ இழுத்தா கோடு பேனாக்கு பின்னாடி தான் வருது. கிராபிக்ஸ் கார்டு மாத்தணுமா?

பதில்: வேணாம் தம்பி, பர்ஸ உள்ள வைங்க. முதல்ல வரையற சாஃப்ட்வேர்ல ஸ்டெபிலைசர் எவ்ளோல இருக்குன்னு பாருங்க, கோடு நடுங்காம இருக்கறதுக்காக அது வேணும்னே லேட்டா தான் வரையும், 20, 30ன்னு ஏத்தி வச்சிட்டு லேக்னு சொன்னா எப்படி. அடுத்து பயாஸ்ல (மதர்போர்டோட செட்டிங்ஸ்) போயி, ரேம அதோட முழு ஸ்பீடுல ஓட்டற எக்ஸ்எம்பியோ எக்ஸ்போவோ ஆன்ல இருக்கா பாருங்க, 6000ன்னு வாங்கின ரேம் அது ஆஃப்ல இருந்தா பெரும்பாலும் 4800லயே ஓடிட்டு இருக்கும். நாலு ஸ்லாட் போர்டுன்னா ரெண்டு குச்சியும் ப்ராசஸர்ல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல இருக்கணும், பக்கத்து பக்கத்துல இருந்தா டூயல் சேனல் வராது. பழைய டேப்லெட்டோட டிரைவர் இன்னும் இருந்தா அத முழுசா தூக்கிட்டு புதுச போடுங்க, டிரைவர் செட்டிங்ல விண்டோஸ் இங்க்க (விண்டோஸோட சொந்த பேனா வசதி) ஆன் ஆஃப் பண்ணி ரெண்டு விதமாவும் வரைஞ்சு பாருங்க, ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கு ஒவ்வொண்ணு ஒத்துக்கும்.

இதெல்லாம் பண்ணியும் டெக்ஸ்ச்சர் போட்ட 2000 பிக்சல் பிரஷ் மட்டும் தான் திணறுதுன்னா, அது எந்த மெஷின்லயும் கொஞ்சம் திணறும், பிரஷ்ல ஸ்பேசிங்க (ஒரு அச்சுக்கும் அடுத்த அச்சுக்கும் நடுவுல இடைவெளி) லேசா ஏத்துங்க.

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல என்னென்ன வாங்கலாம்?

பதில்: கேபினெட் வாங்கலாம், கூலர் வாங்கலாம், ரேம் ஓடவச்சு காட்டினா வாங்கலாம். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மட்டும் வேணவே வேணாம். நான் ஒரு தடவை மிச்சம் புடிக்கறேன்னு பழைய எஸ்எம்பிஎஸ் ஒண்ண போட்டு, அது போகும்போது மதர்போர்டையும் கூட கூட்டிட்டு போச்சு. புதுசு வாங்கும்போதும் 80 பிளஸ் கோல்டுன்னு ஸ்டிக்கர் இருக்கேன்னு மட்டும் நம்பாதீங்க, அது கரண்ட்ட எவ்ளோ வீணாக்காம கொடுக்குதுங்கற கணக்கு, உள்ள இருக்கற சாமான் நல்லதா கெட்டதான்னு அது சொல்லாது, வாரண்டி எத்தன வருஷம்னு பாருங்க.

ப்ராசஸர்ல பழச எடுத்தா விண்டோஸ் 11 ஏறுமான்னு பாத்துக்கோங்க, விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு. இன்டெல் 13, 14வது ஜெனரேஷன் டெஸ்க்டாப் சிப்ல பெரிய மாடலா யாராச்சும் சல்லிசா கொடுத்தா கொஞ்சம் யோசிங்க, வோல்டேஜ் பிரச்சனைல அதுல சிலது கெட்டுப்போனத 2024ல இன்டெல்லே ஒத்துக்கிட்டு மைக்ரோகோடு (சிப்புக்குள்ள ஓடற கோடு) அப்டேட் விட்டாங்க, வாரண்டியையும் 2 வருஷம் நீட்டினாங்க, ஆனா ஏற்கனவே கெட்டுப்போன சிப்ப அந்த அப்டேட் திருப்பி சரி பண்ணாது. வாங்கித்தான் ஆகணும்னா வாரண்டி மிச்சம் இருக்கான்னு சீரியல் நம்பர வாங்கி செக் பண்ணிட்டு, அவங்க வீட்லயே ஒரு மணி நேரம் ரெண்டர் ஓட்டிப் பாத்துட்டு காச கொடுங்க.